வாசகர் கேள்வி – பதில்: சிஸ்டர்கள் நடத்தும் பயிற்சி நிறுவனத்தில் மகளைச் சேர்க்கலாமா?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ தேர்வில் 478 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது அவளுடைய சிறு வயது ஆசை. பக்கத்து ஊரில் கன்னியர் மடம் ஒன்று நடத்தும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஐம்பது பேர்தான் சேரலாம், அதுவும் நிரம்புவதில்லையாம். "இந்தக் காலத்தில் யார் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறார்கள்? டிகிரி முடித்து பி.எட். போகட்டும்" என்கிறார் என் அண்ணன். நாங்கள் இந்துக்கள், பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?
— தென்காசி மாவட்ட வாசகி

பதில்: முதலில் உங்கள் அண்ணன் சொல்வதை எடுத்துக்கொள்வோம். பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூன் மாதம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அது நீடித்திருந்தால் அவர் பேச்சில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதற்கு வேண்டிய பயிற்சி வேறு, பி.எட். தரும் பயிற்சி வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆவதுதான் உங்கள் மகளின் விருப்பம் என்றால், பி.எஸ்சி.யும் பி.எட்.டும் முடிக்க ஐந்து ஆண்டுகள் செலவழித்த பிறகும் அவள் அந்த வகுப்பறையின் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு ஆண்டுகளில் முடியும் இந்தப் பட்டயப் படிப்பு அவளை அந்த வாசலுக்குள் கொண்டுபோகும்.

வாசலுக்குள் போவதும் வேலை கிடைப்பதும் ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக, அதாவது ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் ஆசிரியராக வேண்டுமென்றால் பட்டயம் பெற்றபின் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அதில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் தலா 30 என்று மொத்தம் 150 மதிப்பெண்கள். அதில் வென்றாலும் 2018இல் வந்த அரசாணை 149இன்படி பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு இருக்கிறது. அவ்வகையில் இடைநிலை ஆசிரியர்களுக்கான தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடிய தேர்வல்ல அது. 2000களின் நடுவில் தெருவுக்கொரு பயிற்சி நிறுவனம் தோன்றிப் பட்டயம் பெற்றவர்கள் பெருகியதும், பின்னர் அந்நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதும் இந்த நெருக்கடியோடு சேர்ந்தவையே. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் மகள் "எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொல்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நிறுவனம் சிறியது என்ற கவலை. ஐம்பது இடம் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்துள்ள ஓர் அலகின், அதாவது ஒரு மாணவர் தொகுதியின் அளவேயாகும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. முப்பது மாணவிகள் மட்டும் இருக்கும் இடத்தில் ஒவ்வொருத்தியின் பாடத்தையும் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் அமர்ந்து முழுதாகக் கேட்க முடியும். ஆனால் அப்படிக் கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மாணவியர் எண்ணிக்கை குறைந்த இடங்களில் விரிவுரையாளர் ஓய்வு பெற்றால் அந்தப் பணியிடம் நிரப்பப்படாமல் கிடப்பதும், எஞ்சிய இரண்டு மூன்று பேர் தமிழிலிருந்து கலைக்கல்வி வரை எல்லாவற்றையும் சுமப்பதும் நடக்கிறது. எனவே விண்ணப்பம் வாங்கப் போகும் நாளிலேயே பாடவாரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அரசு உதவி பெறும் நிறுவனமா, சுயநிதி நிறுவனமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி பெறும் பிரிவில் விரிவுரையாளருக்கு அரசு ஊதியம் தருவதால் உங்களிடம் வாங்கும் கட்டணம் குறைவாக இருக்கும். ஒரே வளாகத்தில் இரண்டு பிரிவுகளும் இருக்கும் இடங்களும் உண்டு, அங்கே எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது, வளாகத்துக்குள்ளேயோ கூப்பிடு தூரத்திலோ அவர்களுடைய தொடக்கப் பள்ளி ஒன்று நடக்கிறதா என்பதைத்தான். காலையில் உளவியல் வகுப்பில் கேட்டதைப் பிற்பகலில் உண்மையான குழந்தைகளிடம் பார்க்க முடிகிற இடமே பயிற்சி நிறுவனம். மற்றது டியூஷன் சென்டர்.

மதம் குறித்து உங்கள் மாமியார் கொண்ட அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதற்கு அரசியலமைப்பிலேயே பதில் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும் அவருடைய ஒப்புதல் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28ஆம் கூறின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். நடைமுறையில் காலைக் கூட்டத்தில் ஒரு ஜெபமும் ஒரு பாட்டும் இருக்கும், கிறிஸ்துமஸ் விழா பெரிதாக நடக்கும், கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். இப்படிப்பட்ட இடங்களில் படித்துவிட்டு மார்கழிக் கோலப் போட்டியில் பரிசு வாங்குகிற ஆசிரியைகளை எனக்கு நிறையத் தெரியும். நான் பார்த்தவரை சிஸ்டர்களுடைய கண்டிப்பு விடுதியில்தான் உறைக்கும்: கைபேசி எப்போது கையில் கிடைக்கும், ஊருக்கு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பவற்றைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தயங்காமல் கேளுங்கள், சிஸ்டர்களும் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கேள்வி: கிறிஸ்தவ ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே எங்களைப் பாடம் நடத்த விடுவதே இல்லை. வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, கட்டுக் கட்டாக நோட்டுத் திருத்துவது, பதிவேடுகளில் கோடு போடுவது ஆகியவைதான் வேலை. பாடக் குறிப்புகளைச் சீனியர் அக்காவின் ரெகார்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இப்படியே முடித்தால் நான் என்ன ஆசிரியை?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். சீனியரின் ரெகார்டு கைமாறிக் கைமாறி வருவது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதன்று. நான் விரிவுரையாளராக இருந்த ஆண்டுகளில் ஒரே பாடக் குறிப்பு, அதே எழுத்துப் பிழையோடு, மூன்று தொகுதி மாணவர்களின் ரெகார்டில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். வெளித் தேர்வாளர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தை அப்போது காரணமாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இருபது வாரங்கள் பள்ளியில் இருக்க வேண்டும். முதலாண்டின் நான்கு வாரங்கள் வகுப்பறையைக் கூர்ந்து பார்ப்பதற்கு. இரண்டாம் ஆண்டின் பதினாறு வாரங்கள் நின்று நடத்துவதற்கு. வகுப்புப் பாடங்களுக்கு 80 விழுக்காடு வருகை போதும் என்று சொல்லும் அதே விதி, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு கேட்கிறது. எதற்கு முதன்மை தரப்பட்டிருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. இதைச் சொல்லி உங்கள் விரிவுரையாளரிடம் முறையிடலாம். ஆனால் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் விதி பேசப் போனால் இருக்கும் கொஞ்ச வழியும் அடைபடும். அங்கே வேறு வழியில்தான் நுழைய வேண்டும்.

அந்த நோட்டுக் கட்டிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குச் சுமையாகத் தரப்பட்ட அந்தக் கட்டில்தான் வகுப்பின் உண்மையான நிலைமை இருக்கிறது. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 26 என்று எழுதியிருக்கும். சிவப்பு மையால் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது திருத்தம். அந்தப் பிள்ளை எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு என்றும், ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு என்றும் எழுதியிருக்கிறது. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதே கழித்தல் என்று அது தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஆசிரியர் வேலை. அதே வகுப்பில் இன்னும் எத்தனை பேர் 26 எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தமிழ் நோட்டில் 'பள்ளிக்குப் போனேன்' என்பதை 'பல்லிக்குப் போனேன்' என்று எழுதும் பிள்ளைக்குக் காது பிரச்சினையா, நாக்குப் பிரச்சினையா, அல்லது எழுத்து வடிவம் மட்டும் மறந்துவிட்டதா என்று அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இப்படிப் பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போய், "டீச்சர், இந்த ஆறு பேரை மட்டும் தினமும் இருபது நிமிடம் வராண்டாவில் உட்காரவைத்துச் சொல்லித் தரட்டுமா?" என்று கேளுங்கள். மறுக்கிற ஆசிரியையை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த ஆறு பேர்தான் அவருக்கும் தலைவலி.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபின் உங்களுக்கு இது இன்னும் எளிது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது அத்திட்டத்தின் அடிப்படை; ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் மூன்று நிலைகளையும் கவனிப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தப் பள்ளியில் இருப்பவர்களுக்கே தெரியும். அரும்பு நிலையில் தேங்கி நிற்கும் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டது, எந்த அட்டை பயன்படவில்லை என்று எழுதினால் அதுவே பாடக் குறிப்பு. சீனியர் அக்காவின் ரெகார்டைப் பரணில் போட்டுவிடலாம்.

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. இளைஞன். நம் சபையைச் சேர்ந்த பயிற்சி நிறுவனத்தில் படித்தால் திருமண்டலப் பள்ளிகளில் வேலை உறுதி, தகுதித் தேர்வுகூட எழுத வேண்டாம் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம், தம்பி. உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் தாளாளர்தான். ஆனால் அந்தப் பணியிடம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், நியமனத்தைக் கல்வித் துறை ஏற்றால்தான் அரசு ஊதியம் வரும். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் இருக்கும் பணியிடமே உபரி என்று கணக்காகும்போது புதியவருக்கு எங்கே இடம்? சேகர குருவின், அதாவது உங்கள் சபைப் போதகரின் கடிதம் உங்கள் நடத்தைக்குச் சான்றாகலாம். காலிப் பணியிடத்தை அதனால் உண்டாக்க முடியாது. இடம் காலியாகும் முன்பே பெரிய தொகை கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன் என்பதையும் வருத்தத்தோடு சொல்லிவைக்கிறேன். இத்தகைய பேச்சோடு யாராவது வந்தால் உங்கள் அப்பாவிடம் பேச விடாதீர்கள்.

தகுதித் தேர்வைப் பொறுத்தவரை கதை கொஞ்சம் நீண்டது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே தகுதித் தேர்வு கட்டாயமானது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், அச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே மாதம் பிரமாட்டி வழக்கில் சொன்னது. ஊரில் நீங்கள் கேட்ட பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலிருந்து சென்ற மேல்முறையீடுகளில் 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பிரமாட்டி தீர்ப்பு சரியா என்பதிலேயே ஐயம் தெரிவித்து, சிறுபான்மைப் பள்ளிகளின் நிலையைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று விட்டது. இன்று விலக்கு இருக்கிறது என்று நம்பி நீங்கள் வேலையில் சேர்ந்து, பத்தாம் ஆண்டில் அந்த விலக்கு போனால், நாற்பது வயதில் இளைஞர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டிவரும். படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுங்கள்; தேர்ச்சிச் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி என்றாலே நம் ஊரில் ஏன் கிறிஸ்தவ நிறுவனங்கள் இவ்வளவு இருக்கின்றன?
— ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

பதில்: மதுரைக்காரரான நீங்கள் பசுமலையைப் பார்த்தபடியே இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை 1845இல் பசுமலைக்கு மாற்றியது. ஊர்ச் சபைகளில் வேதம் போதிக்கும் உபதேசியார்களையும் கிராமப் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவதே அதன் வேலை. அதற்கும் நூறாண்டுக்கு மேலான காலத்துக்கு முன்பே தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதே நோக்கத்தோடு ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. காலையில் கூரைக் கொட்டகையில் அகரம் சொல்லிக் கொடுத்தவர் மாலையில் அதே கொட்டகையில் வேதம் வாசித்தார். இத்தனை பள்ளிகளுக்கு ஆள் வேண்டியிருந்ததால் ஆளை உருவாக்கும் பள்ளியும் வேண்டியிருந்தது. 1854இல் வந்த சார்லஸ் வுட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தருவதையும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிகளையும் ஒருசேர வலியுறுத்தியது. அரசு தன் பங்குக்கு 1856இல் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டைக்குப் போனது. மிஷன்களோ ஏற்கெனவே இருந்த தங்கள் பள்ளிகளுக்கு மானியம் பெற்று வேரூன்றிவிட்டன. 'அரசு உதவி பெறும்' என்று இன்றைக்குப் பெயர்ப் பலகையில் எழுதியிருப்பதன் தொடக்கம் அங்கேதான். பெண்கள் வெளியே வந்து சம்பாதிக்க இருந்த மிகச் சில மரியாதையான வழிகளில் ஒன்றாக இந்தப் படிப்பு நெடுங்காலம் இருந்தது என்பதையும், கணவனை இழந்த பெண்கள் பலர் இந்த விடுதிகளில் தங்கிப் படித்துக் குடும்பத்தை நிமிர்த்தினார்கள் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: பட்டயம் முடித்தபின் டிகிரி படிக்க வேண்டுமா? சம்பளம் எவ்வளவு வரும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: படியுங்கள், வேலை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெறப் பட்டமும் பி.எட்.டும் தேவைப்படும். 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை என்றாலும், வெறும் பட்டயத்தோடு நிற்பது கெட்டிக்காரத்தனமாக எனக்குத் தோன்றவில்லை. அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 20,600, அதன்மேல் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். 2009 ஜூன் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்கு அதற்கு முந்தையவர்களைவிட அடிப்படை ஊதியம் ரூ. 3,170 குறைவாக நிர்ணயிக்கப்பட்டதால்தான் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற போராட்டம் எழுந்தது. தனியார் மழலையர் பள்ளிகளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே சேர்வதாக இருந்தால் மாதச் சம்பளத்தோடு, கோடை விடுமுறைக்கும் சம்பளம் உண்டா என்பதையும் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.